டரலின் மெத்தை

காலை வெயிலில் எங்கள் மாட்டுப்பண்ணையின் இரும்புக் கதவு மின்னுகிறது. அதற்கு அப்பால் தகரக்கூரைபோல மடிப்பு மடிப்பாக நீள்கிறது செம்மண் சாலை. அதன் குலுக்கலை என் முதுகு தாங்காவிட்டால் நான் பண்ணையை விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் அவன் வீட்டுக்குக் குடிபோக வேண்டும் என்பது மகன் டரலின் தீர்ப்பு. ஜீப்பில் நான் ஓட்டும் இருக்கைமீது தடித்த மெத்தை ஒன்றை வைத்துவிட்டு நிற்கிறான்.

“போட்டுக்கோங்கப்பா. கௌரவம் ஒண்ணும் கொறஞ்சிடாது.”

“தார் ரோட்டுக்காரன்டா நீ. டயர்ல காத்தைக் கல்லு மாதிரி அடிச்சு வெச்சிட்டு எனக்கு மெத்தை போடுறியா?”

அவன் நீட்டும் கையைத் தொடாமல் மண்ணில் முழங்கால் ஊன்றுகிறேன். குச்சி நுனியால் வால்வை அழுத்த, காற்று சீறுகிறது. டயர்கள் ஒவ்வொன்றாக அடிவயிறு தளர்ந்து மண்ணில் படிகின்றன. எங்கள் குடும்பத்தின் மூத்தவர் எவரும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இந்தக் கதவைத் தாண்டியதில்லை. முதுகு சுள்ளென்று வலிக்க எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன். மெத்தையைத் தூக்கி, பக்கத்து இருக்கையில் ஏறி உட்காரும் அவன் மடியில் போடுகிறேன்.

வண்டி மடிப்புகளில் ஏறுகிறது. முன்பலகையில் நான் வைத்த குவளையில் தேநீர் தளும்புகிறது, சிந்தவில்லை. டரல் குவளையையே பார்க்கிறான்.

“மெத்தையைப் பத்திரமா வெச்சுக்கோடா. ஆலிஸுக்கு நீ தனியாத்தான் திரும்பணும்.”