பெண்கள் பக்கம்

"ஊர மாநகராட்சியோட சேக்கறதுல ஆட்சேபணை இருக்கறவங்க கை தூக்குங்க" என்றார் ஊராட்சித் தலைவர் இளஞ்செழியன்.

பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபைக் கூட்டம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தூரத்தில் அண்ணாமலை கழுத்துவரை மேகத்துக்குள் இருந்தது. உச்சி மட்டும் எதிலும் ஒட்டாமல் மிதந்தது.

ஜோதியம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் பேசி முடித்திருந்தார்கள். மாநகராட்சியோடு சேர்ந்தால் தெருவிளக்கு வரும், சாக்கடை வரும், மனை விலை ஏறும். அதிகம் பேசியது அவள் கணவர் பலராமன்தான். வரி ஜாஸ்தியாகும் என்றவர்களையும் அவரே பேசிச் சமாளித்தார்.

போவது ஒன்றுதான். ஊர் நகரமாகிவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது.

"மண்ணு தூக்கற வேலைதான? போனா போவுது" என்று அவர் சொன்னதும் சிலர் சிரித்தார்கள்.

ஜோதியம்மாளின் கண்ணில் மலை கரைந்து ஏரி வந்தது.

வெயில் ஏறாத ஏரி. பெண்கள் வரிசையாக நிற்க, மண் கூடை கைமாறிக் கைமாறிக் கரை ஏறுகிறது. அவளிடமிருந்து கூடையை வாங்க இரண்டு கைகள் நீள்கின்றன. கூடைக்கு அடியில் விரல்மேல் விரல் படுகிறது. அந்த நொடி சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று அவள் கூடையை மெல்ல விடுகிறாள்.

மதியம் புளியமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறப்பாள். கருவாட்டுக் குழம்பு. அவளுக்கு அந்த வாசனையே ஆகாது. ஆகாததை எதற்குக் கட்டி எடுத்துவருகிறாள் என்று கூட வேலை செய்கிற பெண்கள் யாரும் கேட்டதில்லை. பார்த்ததை ஊருக்குள் கொண்டுபோனதும் இல்லை.

"அப்ப யாருக்கும் ஆட்சேபணை இல்லனு எழுதிக்கலாமா?"

தலைவரின் குரல் எங்கிருந்தோ வந்தது. அவள் கை தானாக எழுந்தது. உறக்கத்தில் எழுந்ததுபோல இருந்தது அவளுக்கு.

பலராமன் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சுக்கு எதிராக அவள் நின்றதே இல்லை.

"ஊட்ல இன்னா கொறச்சல் ஒனக்கு? அந்தக் கூலி கேக்குதா?"

"எனக்கு அந்த வேலை வேணுங்க" என்றாள். கை இறங்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, ஏரியில் கூட வேலை செய்கிற அன்புச்செல்வியும் கை தூக்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு ஏரியிலிருந்து கொக்குகள் கிளம்புவதுபோல, ஒன்றைப் பார்த்து ஒன்றாக, பெண்கள் பக்கம் முழுவதும் கைகள் எழுந்தன.

தலைவர் எண்ணவே இல்லை. தீர்மானம் நிறைவேறவில்லை என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தார்.

கைகள் இறங்கின. கடைசி வரிசையில், சுவரோரம் ஒரு கை மட்டும் அப்படியே நின்றது. அது யாருடையது என்று பார்த்த பலராமன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் தென்றல் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போன அன்று, இனி அவளோடு வீட்டிலோ தெருவிலோ கோயிலிலோ பேசுவதில்லை என்று ஜோதியம்மாளிடம் சத்தியம் வாங்கியவர் அவர்.

ஏரியைச் சொல்ல மறந்திருந்தார்.