சாத்திய கதவு

அப்பா போய் மூன்று மாதம். இரண்டு வருஷம் அவர் கிடந்த கட்டிலை எடுத்துவிட்ட இடத்தில் மகள் உடற்பயிற்சிப் பாயை விரிக்கிறாள். தரைவிரிப்பில் கட்டில்கால்கள் அழுத்திய நான்கு குழிகளுக்கு நடுவே அது அளவெடுத்தாற்போல் அடங்குகிறது. கடிகாரமும் டிவியும் கூடத்துக்குப் போயாயிற்று. அம்மாவின் ஃபோன்கூட மகள் கையில். "கவனம் சிதறாம செய்யணும்னு டாக்டர் சொன்னார்ல? இங்க ஈ காக்கா வராது. படும்மா." அம்மா கையை ஊன்றி, முனகிக்கொண்டே மல்லாந்து படுக்கிறாள். மேலே ஓடாத விசிறி, அதன் தண்டில் ஒட்டடை, சுவரில் ஒரு முழ வெயில். "முட்டிய மடக்கிப் பத்து எண்ணு. நான் வெளிய இருக்கேன்." கதவு சாத்திக்கொள்கிறது. குழாய்ச் சத்தம், குக்கர், பக்கத்து வீட்டுக்காரியின் சிரிப்பு, எல்லாம் ஒரேயடியாக அறுந்துபோகின்றன. அம்மாவும் தினமும் இப்படித்தான் சாத்தினாள், அவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று. "தெறந்தே வையேன்" என்று அவர் கேட்டபோதெல்லாம், "சத்தம் கேக்கும், சும்மா படுங்க" என்று அதட்டினாள். மடக்கிய முட்டி அப்படியே நிற்கிறது. ஒன்றுகூட எண்ணவில்லை. "கதவத் தெறடி," என்கிறாள், கூரையைப் பார்த்தபடி. "சத்தம் கேக்கும்மா," என்கிறது வெளியிலிருந்து குரல். "கேக்கட்டும்டி."