ஒன்பதாம் பாடம்

"அம்மா, மூணாவது தடவையும் ஃபெயில்! மாதிரித் தேர்வுல நூத்துக்கு நூறு எடுக்கிறீங்க. கடைசிப் பரீட்சையை மட்டும் ஏன் எழுத மாட்டேங்கிறீங்க?" ஆன்லைன் கல்லூரியின் ஆலோசகப் பெண் ஃபோனில் அலுத்துக்கொண்டாள்.

"எழுதினா என்னம்மா ஆகும்?" என்றாள் அறுபது வயது மாணவி.

"பாஸாயிடுவீங்க. இந்த வீடியோவெல்லாம் மூடிடும், அடுத்த கோர்ஸுக்குப் போகலாம். ஒரே பாடத்தையே கட்டிக்கிட்டு அழாதீங்க. ஒன்பதாம் பாடத்தை இருநூறு தடவை ஓட்டியிருக்கீங்க! பாதியில ஒரு கை வந்து டீ வைக்கும், வாத்தியார் நிமிர்ந்து சிரிப்பார். அதையெல்லாம் தள்ளிவிட்டுப் பாருங்க."

"அது என் கைம்மா. அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. என்னை மறுபடியும் சேர்த்துக்கோங்க."

ஃபோனை வைத்தாள். ஒன்பதாம் பாடத்தை ஓடவிட்டு, சூடான டீயைத் திரைக்கு முன்னால் வைத்தாள்.

அவர் நிமிர்ந்து சிரித்தார்.