புள்ளி வண்டின் படம்

புத்தூரில் ஒரு கத்தரித் தோட்டத்தில் பாஹிம் காலையிலிருந்து கமராவோடு குப்புறப் படுத்துக் கிடந்தான். எதிரே ஒரு கத்தரி இலை. அதன் அடியில் ஒரு புள்ளி வண்டு, வெளியே வருகிற எண்ணமே இல்லாமல் இருந்தது.

"இலையைப் பிடுங்கித் தரட்டே தம்பி? நிழலிலை வைச்சு எடுங்கோவன்," என்றாள் தோட்டத்துக்காரி குணலட்சுமி.

"வேண்டாம் அக்கா. ஒரு பூச்சியையும் நான் தொடுறேல்லை. அது தானா மேலை வரட்டும்."

"வண்டுக்கு இவ்வளவு மரியாதையோ!"

பாஹிமுக்கு முதுகு விட்டுப்போனது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. மத்தியானம்தான் வண்டு சாவகாசமாக இலைமேல் ஏறியது. படத்தை எடுத்துவிட்டு முனகிக்கொண்டே எழுந்தான்.

குணலட்சுமி தேத்தண்ணியை நீட்டினாள். "இந்த வண்டுகளுக்குப் பூச்சிமருந்தடிக்கத்தான் வந்தனான். நீங்கள் கிடந்த கிடையைப் பாத்து மனம் வரேல்லை. இந்தப் பாத்தியை அதுகளுக்கே விட்டிட்டன். படம் எங்கை வரும் தம்பி, பேப்பரிலையோ?"

வரம்பில் கிடந்த அவளுடைய மருந்தடிக்கும் மெசினைப் பாஹிம் பார்த்தான். தேத்தண்ணி கையிலேயே ஆறியது.

"இல்லை அக்கா," என்றான் களைத்த குரலில். "வாற மாசம் கடைக்கு வரப்போற புது மருந்துப் போத்தலிலை."