இரண்டாவது உண்மை

"என்னய்யா இது, பாடத்துல பாதியை முழுங்கறாரு?"

ஊ துன் யி பக்கத்தில் இருந்தவரின் விலாவில் இடித்தார். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர். புத்தர் போதனையில் தன்னை மிஞ்ச அந்த ஐராவதிக் கரை ஊரில் ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

டோ சான் யீயின் ஒரே மகன் துரெய்ன், வடக்கே பச்சைக்கல் சுரங்கத்தில் மண் சரிந்து செத்துப்போய் இன்று ஏழாம் நாள். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அம்மா பிக்குவை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு, மகன் பேரில் புண்ணியம் சேர்க்கிறாள்.

இளம் பிக்கு நந்தியா, போதிக்கும்போது வழக்கப்படி விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்.

"பிறந்தவங்க எல்லாருக்கும் துக்கம் உண்டும்மா. அது தீரும். தீர வழியும் இருக்கு."

அவ்வளவுதான். விசிறியைக் கீழே வைத்துவிட்டார்.

துன் யிக்குப் பொறுக்கவில்லை. "சாமி, உண்மை நாலு. நீங்க மூணுதான் சொன்னீங்க."

"ஆமா வாத்தியாரே. இன்னைக்கு இது போதும்."

"போதும்னு நாம முடிவு பண்றதா? புத்தர் சொன்னதாச்சே." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "துக்கத்துக்குக் காரணம் ஆசை. அதுதான் ரெண்டாவது உண்மை. ஆசைப்பட்டவங்க அனுபவிச்சுத்தான் ஆகணும்."

"சாது, சாது" என்று ஆமோதித்து நாலு பேர் கைகூப்பினார்கள்.

முன்வரிசையில் இருந்த டோ சான் யீ கைகூப்பவில்லை. எழுந்து உள்ளே போனாள். புண்ணியத்தை மகனுக்குச் சேர்ப்பிக்கத் தண்ணீர் வார்க்கும் நேரம் வந்தும் அவள் வெளியே வரவில்லை. அவள் தங்கைதான் வார்த்தாள்.

படி இறங்கும்போது துன் யி பிக்குவின் பக்கத்தில் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சாமி. சின்ன வயசு, மறந்து போறதுதான். இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு வந்து பேசலாம்."

செருப்பில் கால் நுழைத்தபடி பிக்கு நின்றார். கண் சிவந்திருந்தது.

"மறக்கலை வாத்தியாரே." குரல் தணிந்திருந்தது. "துரெய்ன் போகமாட்டேன்னுதான் சொல்லியிருக்கான். ஓலையைப் பிரிச்சுட்டுத் தகரக் கூரை போடணும்னு அவனை விரட்டி அனுப்பினது அந்தம்மாதான். சேதி வந்த நாள்லேர்ந்து, தினமும் விடிஞ்சதும் மடத்துக்கு வந்து என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. 'என் ஆசைதான் என் புள்ளையைக் கொன்னுச்சா, சாமி?'"