தேசிக்காய் உருளாத வீடு

சோமசேகரம் பின்னறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கறிக்குப் புளி விட வைத்திருந்த தேசிக்காய் ஒன்றை உருட்டிவிட்டார். அது யாரையும் கேளாமல் கிழக்குச் சுவரடிக்கு ஓடிப்போய் நின்றது. இன்னொன்றை உருட்டினார். அதுவும் அங்கேயேதான் போனது.

திறந்திருந்த பின்கதவால் இதைக் கண்ட பக்கத்து வீட்டுத் தேவராசா, வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

“என்ன அண்ணை, செய்வினை எடுக்கிறியளோ?”

“செய்வினையெண்டால் எடுத்துப்போடலாமே தம்பி. இது வெடிப்பு.”

வெடிப்பு சன்னல் மூலையில் தொடங்கிச் சுவரின் அடிவரைக்கும் சரிந்து போயிருந்தது. விரலை உள்ளே விடலாம். அடுத்த மாதம் மகள் நளாயினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். சீதனமாக எழுதிக் கொடுக்க அவரிடம் இருப்பது இணுவிலில் இந்த வீடு ஒன்றுதான். முன்னர் வந்த இரண்டு சம்பந்தமும் ஏதோ சாட்டுச் சொல்லிக் கைநழுவிப் போயின. இதுவும் போனால் மனிசனுக்குத் தாங்காது.

போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். தங்கைக்கு, அதாவது மாப்பிள்ளையின் தாய்க்கு, வசாவிளானில் அவரே நின்று கட்டுவித்த கல்வீடு, தொண்ணூறாம் ஆண்டு பொம்மர் விமானம் போட்ட ஒரு குண்டோடு தரைமட்டமானது. வீட்டில் ஒரு கல்லும் மிஞ்சவில்லை, வீட்டுக்காரரில் ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லையாம். அப்படி ஒரு வீட்டை இழந்தவர்கள் அடுத்த வீட்டைச் சும்மா பார்ப்பார்களா?

மேசன் கனகலிங்கத்தைக் கூட்டிவந்தார். மேசன் சுவரோரமாகக் கிண்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“முன்வீடு உங்கடை அப்பு கட்டினது. அத்திவாரம் பாறையிலை குந்தியிருக்கு, அது பேசாமல் கிடக்கும். பின்னறை நீங்கள் பிறகு போட்டது, மண்ணிலை நிக்குது. மண்ணிலை நிண்டாலும் பிழையில்லை அண்ணை, மண் நகராட்டில்.”

“இப்ப ஏன் நகருது?”

“சுவரிலை இருந்து ரெண்டு முழத்திலை பங்கர் வெட்டி வைச்சிருக்கிறியள். மண் அதுக்குள்ளை சரியுது. சுவர் மண்ணுக்குப் பின்னாலை போகுது. ஆர் உந்த இடத்திலை வெட்டச் சொன்னது?”

“பொம்மர் தலைக்கு மேலை சுத்தேக்கை முழம் போட்டுக்கொண்டே நிக்கிறது?”

மேசனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சுவர் நியாயம் கேட்காதே.

“வெடிப்பைப் பூசி மறைச்சுவிட்டால்?” என்று சோமசேகரம் மெல்ல இழுத்தார்.

“மாரி மழையோடை அறையே இறங்கும். அதுக்கு முதல் ஓவசியர் கண்டுபிடிச்சிடுவார். பங்கரைத் தூர்த்து இறுக்கோணும். பிறகு அத்திவாரத்தைத் துண்டு துண்டாத் திறந்து, அடியிலை கல்லடுக்கிக் கொண்டுவரலாம்.”

சோமசேகரத்தின் மனைவி பத்மாவதி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, பொம்மர் வந்தால் எங்கை ஓடுறது?”

“தேவராசா வீட்டுப் பங்கருக்கு ஓடுவம். கலியாணம் முடியட்டும், கிணத்தடியிலை வேறை வெட்டலாம்.”

வேலை தொடங்கியது. பொருளாதாரத் தடையால் சீமெந்தைக் கண்ணாலும் காண முடியாத காலம், சுண்ணாம்புதான் கைகொடுத்தது. பங்கருக்கு மேலே கிடந்த பனங்குற்றிகளைக் கழற்றிச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். குழிக்குள் கல்லும் மண்ணும் கொட்டித் தண்ணீர் விட்டு, சோமசேகரமே ஏறி நின்று மிதித்தார். மிதிக்க மிதிக்க மகளுடைய கலியாணமே இறுகி வருவதுபோல அவருக்கு இருந்தது. மேசன் அத்திவாரத்தின் அடியில் கல்லடுக்கி, வெடிப்பை அடைத்து, சரிந்த தரையையும் மட்டம் பார்த்துப் போட்டார். கடைசியில் அந்த இடத்தைக் கூட்டி, சாணி தெளித்து, பங்கர் இருந்த அடையாளமே தெரியாமல் ஆக்கிவிட்டார்.

சொன்ன நாளில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் முன்விறாந்தையில் போட்ட நல்ல கதிரையை விட்டுவிட்டு, பின்கதவடியில் கிடந்த வாங்கில் போய் உட்கார்ந்தாள். மடியில் இருந்த பையை ஒரு கணமும் கீழே வைக்கவில்லை. நல்ல அடக்கமான மனிசி என்று சோமசேகரம் நினைத்துக்கொண்டார்.

ஓவசியர் ஒரு கதையும் இல்லாமல் எழுந்தார். சுவர்களைத் தட்டினார், மூலைகளைக் குனிந்து பார்த்தார். பின்னறைக்குள் போனவர் தட்டத்தில் இருந்த தேசிக்காயை எடுத்து நடுத்தரையில் வைத்தார்.

தேசிக்காய் அசையவேயில்லை.

“அத்திவாரம் அந்தமாதிரி,” என்றார் ஓவசியர். “எனக்குச் சரி. இனித் தங்கச்சி சொல்லட்டும்.”

சோமசேகரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலோரம் நின்ற நளாயினி தலையைக் குனிந்து சிரித்தாள். பத்மாவதி பலகாரத் தட்டோடு ஓடிவந்தாள்.

மாப்பிள்ளையின் தாய் பலகாரத்தைத் தொடவில்லை. பையோடு எழுந்து பின்வளவுக்குப் போனாள். கிணற்றடியைப் பார்த்தாள், வேலிக்கரையைப் பார்த்தாள், கடைசியில் சாணி தெளித்த அந்த இடத்தில் வந்து நின்றாள்.

“உந்தச் சுவரையும் ஒருக்காப் பாருங்கோ,” என்றார் சோமசேகரம் பெருமையோடு. “இனி நூறு வரியத்துக்கு அசையாது.”

அவள் சுவரைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

“வீடு கிடக்கட்டும் அண்ணை, பங்கர் எங்கை?”