காந்திமதியின் கல்

காந்திமதியின் பித்தப்பையில் கல் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததிலிருந்து அவள் புருஷன் கொளஞ்சிநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதல் வேலையாகக் குவார்ட்டர்ஸில் இருந்த எண்ணெய்ச் சட்டியைப் பரண்மேல் ஏற்றினார். அப்புறம் நாக்கு கேட்காமல், தான் வேலை பார்க்கும் மைன்ஸ் கேன்டீனில் வடை தின்றார்.

“வலிக்குதா?” என்று மணிக்கொரு தரம் கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நீங்கதான் கேன்டீன்ல துன்னுட்டு வந்து தோள்பட்டையப் புடிச்சிகினு ஒக்காந்திருக்கீங்க.”

“அது வேலை அலுப்பு. உன்ன நெனச்சாத்தான் தூக்கமே வரல.”

உண்மைதான். ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு கைகாலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

கடைசியில் லீவு போட்டு, அவளுக்குப் பையும் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“இன்னிக்கே ஆபரேஷன் பண்ணிடுங்க சார். அட்மிஷனுக்கு ரெடியா வந்துட்டோம்.”

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். “தொந்தரவே தராத கல்லை இப்போதைக்குத் தொட வேண்டாம்மா. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதும் மேல்வயிறு வலிச்சு, வலி தோளுக்கு ஏறினா வந்து காட்டுங்க. அதோட கண்ணு மஞ்சளாகி உடம்பெல்லாம் அரிச்சா ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.”

காந்திமதி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சொறிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

டாக்டர் எழுந்து வந்து அவர் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

“அட்மிட் ஆக வேண்டியது நீங்கதான். மாத்துத்துணி இருக்கா?”

கொளஞ்சிநாதன் பையைப் பார்த்தார். உள்ளே இருந்தது இரண்டு நைட்டி.